முட்டிக்கு ஒரு பொத்தான்

புகைப்படத்தின் பின்பக்கத்தில் அம்மா பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள்: "காவடி, பிப்ரவரி 88, ஆற்றங்கரை." எழுதியது பிரெஞ்சு எழுத்தில். என் அம்மாவுக்குத் தமிழ் அரைகுறையாகப் பேச வரும், எழுத வராது. வருடத்தை நான் வேறு வழியிலும் சரிபார்த்துவிட்டேன். படத்தின் ஓரத்தில் நிற்கும் பெரியம்மா மகன் ஹோட்டல் சீருடைக் காற்சட்டை போட்டிருக்கிறான். அவன் அந்த வேலையில் சேர்ந்தது 87 நடுவில், விட்டது 88 முடிவதற்குள். இடையில் வந்த காவடி ஒன்றுதான். ஆகவே அம்மா எழுதியது சரி.

படத்தின் நடுவில் அப்பா. மஞ்சள் வேட்டி, வெறும் மார்பு, இன்னும் ஊசி குத்தவில்லை. பக்கத்தில் பூவும் தென்னங்குருத்தும் கட்டிய காவடி தரையில் இருக்கிறது. அவர் காலடியில், கரைப் புல்லின் மேல், ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. சவாத் என்போமே, அது. பலருக்கு அந்தச் செருப்பு கண்ணிலேயே படாது. எனக்கு அந்தப் படத்தில் முக்கியமானது அதுதான். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது ஒரு கறுப்புப் பெட்டியையும் அதன் ஒற்றைச் சிவப்புப் பொத்தானையும் பற்றி.

ஐம்பதை எட்டிவிட்ட நமக்கெல்லாம் அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கும். தொலைக்காட்சியில் செருகி விளையாடுவது. விளையாட்டு அடங்கிய அட்டையை உருவி, அடியில் வாயால் ஊதி, மறுபடி போட்டால்தான் படம் வரும். ஊதுவதால் ஒரு பயனும் இல்லை, எச்சில் ஈரம் கெடுதல்தான் செய்யும் என்று பிற்காலத்தில் படித்தேன். அப்போது அது கிட்டத்தட்ட ஒரு பூசை. பெட்டியோடு வரும் கைப்பிடிக்கு நம் ஊரில் மனெட் என்று பெயர். நடுவில் கறுப்பு ரப்பர் தடி, மூலையில் சிவப்புப் பொத்தான். இடது கையால் மனெட்டைப் பிடித்து அதே கைக் கட்டைவிரலால் பொத்தானை அமுக்க வேண்டும், வலது கையால் தடியைத் திருப்ப வேண்டும். எல்லாருக்கும் இரண்டு கை இருக்கிறது, இரண்டு கையிலும் கட்டைவிரல் வளைகிறது என்று நம்பிச் செய்த பொருள் அது.

என் கட்டைவிரல்கள் வளையாது. பிறக்கும்போதே இரண்டு கை விரல்களும் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. மணிக்கட்டு அசையும், முழங்கை நன்றாக அசையும். பென்சிலை முஷ்டிக்குள் செருகி எழுதுவேன், எழுத்து மோசமில்லை. சட்டைப் பொத்தான் போட முடியாது. தோசையைப் பிய்க்க முடியும், பரோட்டா கஷ்டம். கியூர்பிப் நகரில் ஒரு டாக்டர் வருடத்துக்கு இருமுறை பார்ப்பார். பஸ் ஏறி, மழையில் இறங்கி, ஈரக் குடைகளின் வாடை அடிக்கும் அறையில் காத்திருப்போம். அவர் ரப்பர் பந்து ஒன்று கொடுத்து, தினமும் அழுத்தச் சொன்னார். எண்ணெய் தேய்த்து விரல்களை நீவிவிடச் சொன்னார். இப்போது எனக்குத் தெரியும், இருக்கிற அசைவு போய்விடாமல் காப்பதற்காக அதைச் சொன்னார். விரல் நிமிரும் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. அப்பா அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

அப்பா தமிழ்நாட்டிலிருந்து வந்தவர். சென்ட்ர் டி ஃப்ளாக் என்ற ஊருக்குப் பக்கத்தில், கரும்புக்கு நடுவே இருந்த எங்கள் ஊர்ப் பள்ளியில் தமிழ் வாத்தியார். சாயங்காலம் கோவிலிலும் வகுப்பு எடுப்பார். அம்மா இந்தத் தீவிலேயே பிறந்தவள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் காலர் தைப்பாள். விடிவதற்குள் வேன் வந்து ஹாரன் அடிக்கும். திரும்பி வரும்போது தலைமுடியில் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும், சீசனுக்கு ஒரு நிறம். அந்தப் பெட்டி வந்த டிசம்பரில் எல்லாம் இளஞ்சிவப்பு. வீட்டில் அப்பா தமிழில் பேசுவார், அம்மா தீவின் பேச்சுமொழியான க்ரியோலில் பதில் சொல்வாள், இரண்டும் ஒழுங்காகச் சண்டை போட்டுக்கொள்ளும். அம்மாவும் அண்ணனும் பேசியதை இங்கே தமிழாக்கித் தருகிறேன். ஓரிரு சொற்களை அப்படியே விட்டிருக்கிறேன்.

நான் பிறந்த வருடத்திலிருந்து என் கைக்காக அப்பா காவடி எடுத்துவந்தார். "பாப்பா விரல் நிமிரணும் முருகா" என்று கொடியேற்றத்தன்று சத்தமாகவே சொல்வார். கோவிலில் எல்லாரும் என் கையைத் திரும்பிப் பார்ப்பார்கள். நான் கையைப் பாவாடை மடிப்புக்குள் தள்ளுவேன்.

அந்தப் பெட்டி 87 டிசம்பரில், லிச்சி பழுத்த சமயத்தில், வீட்டுக்கு வந்தது. அப்பாவோடு வேலை பார்த்த ஒரு ஆசிரியரின் மகன் வளர்ந்து, அதைத் தொடுவதை விட்டுவிட்டானாம். அப்பா துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். சினிமாவுக்கே அழைத்துப்போகாத மனிதர். அம்மா வாயைப் பிளந்துவிட்டாள்.

"விளையாட்டுக்கு இல்ல," என்றார் அப்பா. "கைக்கு. பந்தை அமுக்குனா பாப்பாவுக்கு அலுத்துப்போவுது. இதுல பொத்தான் இருக்கு பாரு. கட்டைவிரலுக்கு வேலை. தானா அமுக்குவா."

எவ்வளவு நல்ல யோசனை! எவ்வளவு தப்பான யோசனை! முதல் நாள் அவர் என் பின்னால் உட்கார்ந்து, மனெட்டை என் இடது கையில் பொருத்தி, என் கட்டைவிரல் மேல் தன் கட்டைவிரலை வைத்து அமுக்கினார். விளையாட்டு டாங்கிச் சண்டை; திரையில் என் டாங்கி ஒரு குண்டு போட்டது. "பாத்தியா! சுட்டுட்ட!" என்றார். சுட்டது அவர். எனக்கு வலித்தது. அவருடைய கையில் சுண்ணக்கட்டி வாசனை, மனெட்டில் யாரோ தின்ற லிச்சிப் பிசுபிசுப்பு. அவர் கையை எடுத்ததும் மனெட் என் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்துப் பொருத்தினார். மறுபடி விழுந்தது.

பள்ளி விடுமுறை. பெட்டி இருப்பது தெரிந்ததும் தெருப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். எல்லாருக்கும் முன்னால் பக்கத்து வீட்டுக்காரி. என் வயதுதான். வந்ததும் முதல் மனெட்டை எடுத்துக்கொள்வாள். விளையாட்டு இரண்டு பேருக்கானது, ஆளுக்கு ஒரு டாங்கி, நடுவில் சுவர்கள், குண்டு சுவரில் பட்டுத் திரும்பும். இரண்டாவது மனெட் யாருக்கு என்பதில் அடிதடி நடக்கும். அந்த அடிதடியில் என் பெயர் வராது.

"நீ எண்ணு," என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. "நீதான் கள்ளாட்டம் இல்லாம எண்ணுவே."

"இது என் வீட்டுப் பெட்டி."

"உன் பெட்டிதான். யாரு இல்லைன்னது? எண்ணு."

எண்ணினேன். சுவர்க் காலண்டரில், முஷ்டிப் பென்சிலால், யார் எப்போது ஜெயித்தார்கள் என்று தேதி தேதியாக எழுதினேன். இன்று வரை தேதி குறிக்கிற பழக்கம் எனக்கு அங்கிருந்து ஒட்டியதோ என்னவோ. ஆனால் உட்கார முடியவில்லை. அவள் டாங்கியை எங்கே திருப்ப வேண்டும் என்று அவளுக்கு முன்பே எனக்குத் தெரியும். "இடது! இடது!" என்று கத்துவேன். எழுந்து நிற்பேன், உட்காருவேன், மறுபடி எழுந்திருப்பேன். வலது முழங்கால் மேஜைக்குக் கீழே தானாக ஆடிக்கொண்டே இருக்கும். அதன் ஆட்டத்தில் மேஜை மேலிருந்த தண்ணீர் செம்பு கடகடக்கும். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: அந்த இரண்டாவது டாங்கி. அப்பாவின் விரல் இல்லாமல், என்னுடையதாக.

இதைக் கவனித்தவன் அண்ணன், அதாவது பெரியம்மா மகன். கிழக்குக் கடற்கரையில் புதிதாகத் திறந்த ஒரு ஹோட்டலில் மின்வேலை பார்த்தான். பல்பு மாற்றுவான், மீன் தொட்டி பம்பைத் தட்டிக்கொடுப்பான், வெள்ளைக்காரப் பிள்ளைகள் உடைக்கும் விளையாட்டு எந்திரங்களின் பொத்தான்களை மாற்றுவான். மாற்றிய பொத்தான்கள் அவன் சட்டைப் பையில் எப்போதும் கிலுங்கும்.

"சித்தப்பா இல்லாத நேரம் பார்த்து மனெட்டைக் கழற்றவா?" என்றான்.

"திரும்ப மாட்ட முடியுமா?"

"கபாவ், கபாவ்." முடியும், முடியும் என்று அர்த்தம். அவனுக்கு எல்லாமே கபாவ். ஹோட்டலில் பாதி விஷயம் பிறகு வேறு ஒருவர் வந்து சரிசெய்ய வேண்டியிருக்கும் என்று அம்மா சொல்வாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு சின்னத் தகடு, அதன் மேல் குமிழ் குமிழாக மெல்லிய தகரம், குமிழை அமுக்கினால் இரண்டு கம்பி சேரும், அவ்வளவுதான். "இந்த இரண்டு கம்பியையும் எங்கே இழுத்துப் போனாலும் பொத்தான் அங்கே வந்துவிடும்," என்றான். அந்த வாக்கியம் எனக்கு உடம்பெல்லாம் ஓடியது. பொத்தான் இருக்கிற இடத்துக்கு என் விரல் போக வேண்டும் என்றுதான் அதுவரை எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

தடிக்கு வழி சீக்கிரம் கிடைத்தது. மனெட்டை ஒரு பலகையில் திருகாணி போட்டு இறுக்கினான். தொழிற்சாலையில் நூல் சுற்றி வருமே பிளாஸ்டிக் கூம்பு, அம்மா அதை அடுப்படியில் புனலாகப் பயன்படுத்துவாள். அதன் குறுகிய முனையைத் தடியின் தலையில் செருகினான். அகன்ற வாய் மேலே. என் முஷ்டி அதற்குள் கிண்ணத்தில் கொழுக்கட்டை போல உட்கார்ந்தது. மணிக்கட்டைத் திருப்பினால் டாங்கி திரும்பியது.

பொத்தான்தான் பாடாய்ப் படுத்தியது. முதலில் வீட்டு அழைப்பு மணியின் பொத்தானை மோவாய்க்குக் கீழே கட்டினான். அமுக்கக் குனிந்தால் திரை தெரியவில்லை. முழங்கைக்கு மாற்றினான். முழங்கை அமுக்கினால் முஷ்டியும் கூடவே நகர்ந்து டாங்கி சுவரில் முட்டியது. தோளுக்கு வைத்தான். யாரோ கிச்சுகிச்சு மூட்டுவது போல நான் நெளிந்தேன், பக்கத்து வீட்டுக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். கம்பி பற்றவைக்கும்போது ஈயம் உருகும் புகை வீடெல்லாம். அப்பா வருவதற்குள் சாம்பிராணி போட்டு அதை மறைத்தோம். "இன்னிக்கு என்ன விசேஷம்?" என்று அப்பா கேட்டார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூட உதறாமல் வாசல்படியில் நின்று எங்களைப் பார்த்தாள். அப்போது பொத்தான் என் காதுக்குப் பக்கத்தில் இருந்தது.

"ஆயோ, காதாலே சுடப்போறாளா?"

"வேறே இடம் இல்லே சித்தி. எல்லா இடமும் பார்த்தாச்சு."

"இந்த முட்டியைப் பார்த்தியா?" அம்மா என் முழங்காலைக் காட்டினாள். அது ஆடிக்கொண்டிருந்தது. "பிறந்ததிலேருந்து சும்மா இருந்ததே இல்லே. சம்பளமில்லாம வேலை செய்யுது. அதுக்குக் கொடு."

அண்ணன் முழித்தான்.

"என் மெஷினிலே கை துணியைத்தான் பிடிக்கும். காலால ஓட்டுவோம். துணியைத் திருப்பணும்னா, ஊசிக்குக் கீழே அதை அமுக்குற இரும்புக் காலைத் தூக்கணும் இல்லையா, அதை முட்டியாலே இப்படித் தள்ளுவோம்." நின்றபடியே வலது முழங்காலை வெளிப்பக்கமாக ஒரு தட்டுத் தட்டினாள். "காலர் திரும்பற இடத்திலே எல்லாம் ஒரு தட்டு. வீட்டுக்கு வந்தும் தூக்கத்திலே தட்டுவேன். உன் சித்தப்பாவைக் கேளு, உதை வாங்கியிருக்கார்."

அம்மாவின் வீட்டுத் தையல் மேஜை சுவரோரம் இருந்தது. எந்திரத்தை இறக்கி வைத்தோம். மேஜைக்கு அடியில், வலது பக்கம், ஒரு பழப்பெட்டிப் பலகையைக் கீல் வைத்துத் தொங்கவிட்டான் அண்ணன். பலகைக்குப் பின்னால் ஹோட்டல் எந்திரத்திலிருந்து எடுத்த பொத்தான். முட்டியால் தட்டினால் டிக் என்றது. திரையில் குண்டு பறந்தது.

நான் முதலில் ஒன்றுமே செய்யவில்லை, வெறுமனே சுட்டுக்கொண்டே இருந்தேன். சுவரைச் சுட்டேன். காலி இடத்தைச் சுட்டேன். டிக், டிக், டிக்.

"ஏய், நான் இங்கே இருக்கேன்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி, முதல் மனெட்டோடு.

அவளையும் சுட்டேன்.

அடுத்த சில வாரங்கள் நான் தரையில் நிற்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா கோவில் வகுப்புக்குக் கிளம்பிச் சைக்கிள் திருப்பம் தாண்டியதும் பலகை மாட்டப்படும், திரும்புவதற்குள் கழற்றப்படும். முதலில் தோற்றேன். பிறகு மாறி மாறி வந்தது. பிறகு காலண்டரில் யார் எழுதுவது என்று சண்டை வந்தது, ஏனென்றால் இப்போது எனக்கு எண்ண நேரமில்லை. "உன் முட்டி ஒரு போக்கிரி," என்பாள் பக்கத்து வீட்டுக்காரி. "கையை மட்டும் பார்த்தா பாவமா இருக்கே." அதைவிட நல்ல பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. பலகையின் சொரசொரப்பில் முட்டி கன்றிச் சிவந்தது, பிறகு நீலம் பாய்ந்தது. பாவாடையை இழுத்து மூடிக்கொள்வேன்.

ஜனவரி நடுவில் ஒரு நாள் காற்று சுழன்று அடித்தது. வானொலியில் புயல் எச்சரிக்கை ஏறியது. வகுப்பு இல்லை என்று அப்பா பாதி வழியிலேயே திரும்பிவிட்டார். சன்னல் கதவுகள் அடித்துக்கொண்டிருந்ததால் சைக்கிள் சத்தம் கேட்கவில்லை. வாசலில் நனைந்து நின்றார். நான், பக்கத்து வீட்டுக்காரி, ஆணி மூட்டையோடு கதவுக்குப் பலகை அடிக்க வந்திருந்த அண்ணன். என் முட்டி தட்டுவதை அப்பா பார்த்தார். பிறகு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"இது என்ன?"

"பொத்தான், சித்தப்பா," என்றான் அண்ணன். "இடம் மாத்தியிருக்கோம்."

"கட்டைவிரல்?"

பக்கத்து வீட்டுக்காரி மெதுவாக நழுவினாள்.

"கட்டைவிரலுக்குத்தானே இதை வாங்கிட்டு வந்தேன்? கையை வேலை வாங்கச் சொல்லி டாக்டர் சொன்னா, நீங்க முட்டியை வேலை வாங்குறீங்க. கை தூங்கிடாதா? அப்புறம் எப்படி நிமிரும்?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கோபம் வந்தால் அவள் அப்பாவை அவருடைய மாணவர்கள் கூப்பிடுவது போலக் கூப்பிடுவாள்.

"மிஸ்யே, பிள்ளை விளையாடுறா. கண்ணுலே பார்த்தீங்களா, விளையாடுறா."

"கொடியேத்தம் வருது. போய் சாமி முன்னால நின்னு விரல் நிமிரணும்னு கேக்கப்போறேன். வீட்டுல விரலே வேணாம்னு பலகை அடிச்சு வச்சிருக்கு. கேட்டா என்ன சொல்லுவான்? உனக்கே நம்பிக்கை இல்ல, எங்கிட்ட ஏன் வந்தேன்னு கேக்க மாட்டானா?"

நான் இதைப் பல வருடம் கோபமாகவே நினைத்திருந்தேன். இப்போது அந்த வாக்கியத்தை எழுதிப் பார்க்கையில் அதில் கோபம் குறைவு, பயம் அதிகம். நேர்த்திக்கடன் ஒரு பேச்சுவார்த்தை என்று அவர் நம்பினார். ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே மறுபக்கம் வேறு ஏற்பாடு செய்தால், பேச்சை முறித்த குற்றம் நம்முடையதாகிவிடும். என் அசையாத விரலுக்குப் பொறுப்பு அவருடையதாகிவிடும்.

"நான் கேட்கலை," என்றேன்.

"என்ன?"

"விரல் நிமிரணும்னு நான் கேட்கலைப்பா. நீங்கதான் கேக்குறீங்க."

அவர் என்னை அடித்ததில்லை, அன்றும் அடிக்கவில்லை. அண்ணனிடம் திருப்புளியை வாங்கி, தானே மேஜைக்கு அடியில் படுத்து, பலகையைக் கழற்றினார். கம்பியை அறுக்கவில்லை, சுற்றி மடித்து வைத்தார் என்பதை அப்போதே கவனித்தேன். பலகையை அலமாரிக்கு மேலே, ஒரு தகரப்பெட்டிக்குப் பின்னால் வைத்தார். புயல் நம் தீவைத் தொடாமல் தெற்கே போய்விட்டது. மழை மட்டும் விடவில்லை.

கொடியேற்றம் வந்தது. விரத நாட்களில் வீட்டில் மீன் கிடையாது, தனிப் பாத்திரம், பாயில் படுக்கை. அப்பாவின் விதிப்படி தொலைக்காட்சியும் கிடையாது. ஏற்றுமதிக்குத் தேறாத ஒரு துணியை அதன் மேல் போர்த்தி, துணியைத் தையல் மேஜை வரை இழுத்துவிட்டாள் அம்மா. யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. கொடியேற்றத்தன்று கோவிலில் அப்பா இந்தத் தடவை சத்தமாகச் சொல்லவில்லை. உதடு அசைந்தது. அவ்வளவுதான் பார்த்தேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளி திறந்துவிட்டது. பெஞ்சுக்கு அடியில் முட்டி தட்டும், டீச்சர் திட்டுவார். வீட்டில் பந்தை அமுக்கினேன். அப்பா எண்ணெய் காய்ச்சி வந்து விரல்களை நீவினார். நீவும்போது என் முட்டி ஆடியது, பாவாடை விலகியது.

"இது என்ன காயம்?"

"பலகை."

"இவ்வளவு வலிக்குமா அது?"

"வலிக்கும்."

"வலிச்சுமா செஞ்ச?"

நான் தலையாட்டினேன். அவர் என் கட்டைவிரலை விட்டார். பிறகு அந்த எண்ணெயையே முட்டியிலும் தடவினார். அது எந்த நாள் என்று குறித்துவைக்கவில்லை. விரதத்தின் நடுவில் ஒரு நாள், அவ்வளவுதான் உறுதி.

காவடியன்று ஆற்றங்கரையில் கூட்டம். மஞ்சள் தண்ணீர், சூடம், கரும்புச்சோகை நாற்றம், டிரம் சத்தம். புகைப்படம் எடுத்தது அப்போதுதான், யாரோ ஒரு சுற்றுலாக்காரர். முகவரி வாங்கிப் போய் உண்மையிலேயே தபாலில் அனுப்பிவைத்தார். அப்பாவின் நாக்கில் வேல் குத்தினார்கள். இனி கோவில் போய்ச் சேரும் வரை பேச்சு கிடையாது. நான் சின்னப் பால்குடத்தை இரு மணிக்கட்டுக்கும் நடுவே அணைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். தார் ரோடு சுட்டது. வெயில் ஏறியும் பால் திரியவில்லை என்று பெண்கள் எட்டிப் பார்த்துச் சொன்னார்கள். வழியில் அவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தார். கையைப் பார்க்கிறார் என்று நினைத்துக் குடத்தை இன்னும் இறுக்கினேன். இப்போது நினைத்தால், நான் தடுக்கி விழாமல் வருகிறேனா என்று மட்டும் பார்த்திருக்கலாம்.

மறுநாள் காலை அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், தோளில் காவடிக்கட்டை பதிந்த சிவப்போடு. அம்மா துணியை உருவித் துவைக்கப் போட்டாள். நான் பழக்கத்தில் மேஜை முன்னால் உட்கார்ந்தேன். முட்டி எதிலோ பட்டது.

டிக்.

பலகை அதன் இடத்தில் இருந்தது. கீலுக்கு எண்ணெய் போட்டிருந்தது. முட்டி படும் இடத்தில் நீல ரப்பர் ஒட்டியிருந்தது, பசை ஓரமெல்லாம் ஒழுங்காகத் துடைக்கப்பட்டு. ரப்பரில் மூன்று துளை, முக்கோணமாக. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாமல் போகாது. கோவில் வாசலில் சவாத் மாறிப்போகாமல் இருக்க, ஆணியைக் காய்ச்சி, அப்பா தன் செருப்பின் குதிகாலில் ஆய்த எழுத்து வைத்திருந்தார். எழுத்தைக் காலில் போட்டு மிதிக்கலாமா என்று அம்மா கேலி செய்தபோது, "அது உயிரும் இல்ல மெய்யும் இல்ல, கோவிச்சுக்காது," என்றவர். அந்தக் குதிகாலை வெட்டி ஒட்டியிருந்தார்.

நான் பெட்டியைப் போட்டேன். அட்டையை ஊதினேன். தனியாகவே விளையாடினேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து, வேல் குத்திய நாக்கின் கொழகொழப்போடு குரல் வந்தது.

"பாப்பா, சத்தத்தைக் கொறை."

அதற்கு மேல் அதைப் பற்றி அவர் வாழ்நாளில் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. நிறைய விளையாடினால் முட்டியில் மூன்று சின்னப் புடைப்பு பதிந்திருக்கும், தடவித் தடவிப் பார்ப்பேன். காவடியை அவர் நிறுத்தவில்லை. இடுப்பு விட்டுப்போகும் வரை எடுத்தார். ஆனால் கொடியேற்றத்தன்று அவர் சத்தமாக எதையும் வேண்டி நான் பிறகு கேட்டதில்லை. பெட்டி அடுத்த பெரிய புயலில் கூரை ஒழுகி நனைந்து போயிற்று. பலகையை யார் எறிந்தார்கள் என்று தெரியவில்லை.

விரல்கள் அப்படியேதான் இருக்கின்றன. இதைக் கணினியிடம் வாயால் சொல்லி எழுதவைத்து, பிழையை முஷ்டிப் பென்சிலால் திருத்தி எழுதுகிறேன்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒரு தேதி. அந்தக் குதிகாலை அப்பா வெட்டியது காவடிக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால், கோவிலிலிருந்து வந்த அசதியில், கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்ட நிம்மதியில் செய்தது. முன்பு என்றால், பலகையை மாட்டிவிட்டுத்தான் ஆற்றுக்குப் போயிருக்கிறார். அப்படியானால் நாக்கில் வேலோடு அந்த வெயிலில் அவர் சுமந்தது என் விரலுக்காக அல்ல, வேறு ஏதோ ஒன்றுக்காக.

அம்மாவைக் கேட்டேன். "அந்த வாரம்," என்கிறாள். "கையெல்லாம் பசை, சோறு பிசைய முடியலேன்னு ஸ்பூன் கேட்டார். அந்த வாரம்தான்." எந்த நாள்? "நீயும் உன் நாளும்," என்கிறாள். அண்ணன் இப்போது மோகா என்ற ஊரில் இருக்கிறான். பசை தான்தான் கொடுத்தேன் என்கிறான். எப்போது என்றால் அவனுக்கு எல்லா நாளும் கபாவ்.

மிச்சம் இருப்பது புகைப்படம். ஆற்றங்கரைப் புல்லின் மேல் அந்த ஜோடி. நீலமா வேறு நிறமா என்று சொல்ல முடியாதபடி படம் முழுக்க ஆரஞ்சாக வெளுத்துவிட்டது. குதிகாலில் மூன்று துளை இருந்தால் அது பழைய செருப்பு, வெட்டியது பின்பு. இல்லாவிட்டால் புதிய ஜோடி, வெட்டியது முன்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கணினியில் பெரிதாக்கியும் பார்த்தேன். இரண்டு செருப்பின் முன்பாதி தெளிவாகத் தெரிகிறது. குதிகால் பக்கத்தை அப்பா கழற்றி மடித்துவைத்த சட்டை மூடியிருக்கிறது.

காவடிக்கு முன்பா, பின்பா: சரிபார்க்கப்படவில்லை.